தூங்கப் போன லேப்டாப் எழுந்திருக்குமா?

விண்டோஸ் 10 விடைபெற்றபின் பழைய லேப்டாப்கள் பல லினக்ஸுக்கு மாறுகின்றன. மூடியைச் சாத்தும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. குற்றவாளி லினக்ஸ்தானா?

மாலை ஆறரை மணி. வேலையை முடித்தவர் லேப்டாப்பின் மூடியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். பெங்களூரின் வெளிவட்டச் சாலையோ, மும்பையின் மின்சார ரயிலோ, டில்லி மெட்ரோவோ, எப்படியும் ஒரு மணி நேரப் பயணம். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே இஸ்திரிப் பெட்டி போல் சூடு. பாட்டரி காலி. இதைவிட மோசமாகவும் நடக்கலாம்: விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் இருட்டு. எந்தப் பொத்தானைத் தட்டியும் பயனில்லை. கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக் கழுத்தை நெரிக்க வேண்டியதுதான். சேமிக்காமல் விட்ட பக்கங்கள் அதோடு போயின.

லினக்ஸ் ஆபரேடிங் சிஸ்டத்தை லேப்டாப்பில் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் அனுதாபத்தோடு சிரிப்பார்கள். அநேகமாக எல்லோரிடமும் இதுபோல் சொந்தக் கதை ஒன்று இருக்கும். மூடினால் தூங்குவதும் திறந்தால் எழுவதும் ஒரு கம்ப்யூட்டருக்குப் பெரிய வித்தையா என்ன? வித்தைதான். லேப்டாப் செய்யும் வேலைகளிலேயே மிகச் சிக்கலான சிலவற்றுள் இதுவும் ஒன்று.

சமீப காலமாக இந்தத் தலைவலி கணினிப் பித்தர்களோடு நிற்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த அவதாரமான விண்டோஸ் 11, இன்டெல் சிப்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. ஆக, 2017-க்கு முன் வாங்கிய, இன்னும் நன்றாக ஓடுகிற இயந்திரங்கள் திடீரென்று அநாதையாயின. டில்லி நேரு பிளேஸ், பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள் இரண்டாம் கைக்கு மாறும் சந்தைகள் நாடு முழுக்க உண்டு. அந்த இயந்திரங்களுக்கு மிச்சமிருக்கும் மலிவான வழி லினக்ஸ்.

இந்தியாவுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக அதுதான் பாடம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

லினக்ஸுக்குத் தூங்கத் தெரியாது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளமும் இதே லினக்ஸ் கெர்னல்தான். சட்டைப் பையில் கிடக்கும் போன் ஒரு நாளில் எத்தனையோ முறை கண்ணயர்ந்து எழுகிறது; யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஒரே கெர்னல், போனில் குழந்தையைப் போல் தூங்குகிறது, லேப்டாப்பில் நடுராத்திரியில் அலறி எழுகிறது. காரணம்: போனைத் தயாரிக்கிற கம்பெனி அதன் சிப்பையும் சாஃப்ட்வேரையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புகிறது. பெரும்பாலான லேப்டாப்கள் விண்டோஸோடு மட்டுமே பொருத்திப் பார்க்கப்படுகின்றன. லினக்ஸ் அங்கே அழையாத விருந்தாளி.

தூங்கப் போகும்போது லேப்டாப்புக்குள் நடப்பதைப் பார்த்தால் சிக்கல் புரியும். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் அப்படியே உறைய வைக்கப்படுகின்றன. பிறகு வைஃபை, ஒலி, யுஎஸ்பி, கிராபிக்ஸ், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொரு சாதனத்திடமும் போய், இருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு கண்ணை மூடு என்று கெர்னல் சொல்லியாக வேண்டும். பிராசஸரின் கோர்கள் ஒன்றைத் தவிர மற்றவை நிறுத்தப்படுகின்றன. கடைசியில் கட்டுப்பாடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் கைக்குப் போகிறது. நினைவகத்துக்கு மட்டும் சொட்டு மின்சாரத்தை விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் அது அணைக்கிறது. எழும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. ஒரே ஒரு சாதனம் முரண்டு பிடித்தாலும் முழு ஊர்வலமும் நின்றுவிடும். ஸ்கிரீன் இன்னும் எழுந்திருக்காத நேரம் என்பதால் எது முரண்டு பிடித்தது என்று சொல்லக்கூட வழியில்லை.

மாறுவேடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலைமை எளிதாக இருந்தது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992-இல் கொண்டுவந்த ஏபிஎம் முறையில் தூக்கமெல்லாம் பயாஸின் பொறுப்பு. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. பொறுப்பு ஆபரேடிங் சிஸ்டத்துக்கு மாறியது. இன்ன இயந்திரத்தை இப்படித் தூங்க வை, இப்படி எழுப்பு என்ற குறிப்புகளைத் தயாரிப்பாளர் பயாஸுக்குள் சின்னச் சின்ன புரோகிராம்களாக எழுதி வைப்பார். ஆபரேடிங் சிஸ்டம் அதை வாசித்து நடக்க வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு.

நடைமுறையில், எழுதியவர் தப்பாக எழுதியிருந்தாலும் விண்டோஸில் ஓடினால் போதும் என்று சரக்கை அனுப்பிவிட்டார்கள். லினக்ஸ்காரர்கள் விதிமுறைப்படி அந்தக் குறிப்புகளை வாசித்தபோது பிழைகள் கொத்துக் கொத்தாக வந்தன.

இதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று, பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட்மீது நடந்த வழக்கில் ஆவணமாக வெளிப்பட்டது. நாம் பாடுபட்டுக் கூட்டாளிகளை வேலை வாங்க, அதன் பலனை லினக்ஸ் சும்மா அனுபவிப்பதா, ஏசிபிஐ விரிவாக்கங்களை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்று அதில் அவர் யோசித்திருந்தார். ஏசிபிஐ விதிமுறை என்னவோ எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கேட்ஸ் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். தயாரிப்பாளர்களின் அலட்சியமே அந்த வேலையைக் கிட்டத்தட்ட செய்து முடித்துவிட்டது.

லினக்ஸ் கண்டுபிடித்த தற்காப்பு வேடிக்கையானது: மாறுவேடம். என்னை ஓட்டுவது எந்த ஆபரேடிங் சிஸ்டம் என்று பயாஸ் விசாரிக்கும் வசதி ஏசிபிஐயில் உண்டு. லினக்ஸ் என்று உண்மையைச் சொன்னால், பயாஸுக்குள் யாரும் சோதித்தே பார்க்காத மூலை ஒன்றில் போய் விழ வேண்டியிருக்கும். எனவே 2007-இல் வந்த 2.6.23 கெர்னல் முதல் அந்தக் கேள்வி லினக்ஸின் பெயரில் வந்தால் இல்லை என்றே பதில். விண்டோஸா என்று கேட்டால் ஆமாம். பழைய விண்டோஸா? அதற்கும் ஆமாம். வாடகை வீடு தேடிப் போனவன் வீட்டுக்காரர் கேட்ட ஜாதியையெல்லாம் தன் ஜாதி என்று தலையாட்டின கதை போலத்தான்.

வேடம் பல வருஷம் பலித்தது. அதற்குள் விண்டோஸே தூங்கும் முறையை மாற்றிக்கொண்டுவிட்டது.

லேப்டாப்பின் பழைய தூக்கத்துக்கு ஏசிபிஐ வைத்த பெயர் எஸ்3. தமிழில் ஆழ்துயில் என்று சொல்லலாம்: நினைவகம் தவிர எல்லாம் அணைந்துவிடும். போனைப் போல லேப்டாப்பும் தூக்கத்திலேயே மெயிலை வாங்கிக்கொண்டு தொட்டவுடன் எழ வேண்டும் என்று ஆசைப்பட்ட மைக்ரோசாஃப்ட், 2012-இல் விண்டோஸ் 8-ஓடு புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-இல் அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆனது. இதில் இயந்திரம் உண்மையில் அணைவதில்லை. ஒவ்வொரு பாகமும் தன் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். திருமாலின் அறிதுயிலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. கண் மூடியிருக்கும், உள்ளே எல்லாம் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஒரே ஒரு பாகம் அடங்க மறுத்தாலும் பிராசஸர் ஆழமான ஓய்வுக்குப் போகாது. பைக்குள் இஸ்திரிப் பெட்டி உருவாவது பெரும்பாலும் இப்படித்தான். விண்டோஸ்காரர்களும் இந்தச் சூட்டுக்குத் தப்பவில்லை.

இது வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல, காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் இயந்திரத்தின்மேல் எவ்வளவு உரிமை என்ற விவகாரம் என்பது 2018-இல் பட்டவர்த்தனமானது. லெனோவோ அந்த ஆண்டு கொண்டுவந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் எஸ்3 ஆழ்துயில் இல்லை. லினக்ஸ்காரர்கள் மிக விரும்பி வாங்கும் ரகம் அது. சிப்புக்கு அந்தத் திறமை இருந்தது. பயாஸ் குறிப்பில்தான் அது எழுதப்படவில்லை. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பயாஸின் ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்து எடுத்து, விடுபட்ட எஸ்3 குறிப்பைத் தாங்களே எழுதிச் சேர்த்து, திருத்திய பிரதியை கெர்னலுக்குக் கொடுத்தார்கள். லேப்டாப் சமர்த்தாகத் தூங்கியது. அதே ஆண்டில் லெனோவோ இறங்கி வந்தது. புதிய பயாஸில் தூக்க முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி, அதில் இரண்டே பெயர்கள்: ‘விண்டோஸ் 10’, ‘லினக்ஸ்’.

அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 2020-க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்களைக் கொண்ட லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-க்கே இடமில்லை. விளைவு, ஒரு விநோதம்: நேரு பிளேஸில் சல்லிசாகக் கிடைக்கும் பழைய கம்பெனி லேப்டாப், ஷோரூமிலிருந்து வரும் புத்தம் புது லேப்டாப்பைவிட லினக்ஸில் நிம்மதியாகத் தூங்கக்கூடும்.

துப்பறியும் வேலை

அதற்காகப் பழைய இயந்திரங்கள் எல்லாம் சாதுக்கள் என்று அர்த்தமில்லை. எது வந்தாலும் முதல் கேள்வி இந்த இயந்திரம் எந்தத் தூக்கம் தூங்குகிறது என்பதுதான். பதில் ‘/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்’ என்ற சின்னக் கோப்பில் இருக்கிறது. அதில் ‘எஸ்2ஐடில்’ என்று இருந்தால் அறிதுயில். ‘டீப்’ என்றால் ஆழ்துயில். அடைப்புக்குறிக்குள் இருப்பது நடப்பில் உள்ளது. இரண்டும் இருந்து அறிதுயில் தேர்வாகியிருந்தால், அதே கோப்பில் ‘டீப்’ என்று எழுதித் தூங்க வைத்துப் பார்க்கலாம். ஒழுங்காக எழுந்தால், கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் கட்டளையில் அதை நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம். சூடான பை, காலியான பாட்டரி ஆகிய புகார்களில் பல இந்த ஒரு வரியோடு தீர்ந்துவிடுகின்றன.

‘டீப்’ என்ற சொல்லே கோப்பில் இல்லையென்றால் அறிதுயிலோடுதான் குடித்தனம். அப்போது பார்க்க வேண்டியது அது உண்மையில் அடங்குகிறதா என்பதை. 2023-க்குப் பின் வந்த கெர்னல்கள் கடைசித் தூக்கத்தில் சிப் எவ்வளவு நேரம் ஆழ்ந்த ஓய்வில் இருந்தது என்று கணக்கு வைக்கின்றன. எட்டு மணி நேரம் மூடி வைத்த லேப்டாப்பில் அந்தக் கணக்கு பூஜ்யம் என்று காட்டினால், ஏதோ ஒன்று ராத்திரி முழுக்கக் கண் விழித்திருந்திருக்கிறது. ஏஎம்டி சிப் என்றால் இதைச் சோதிக்கவே ஒரு புரோகிராம் உண்டு. அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதியது. புதிய கெர்னலும் புதிய பயாஸும் போட்டுப் பார்ப்பது இங்கே சோம்பேறித்தனமான யோசனை அல்ல. பெரும்பாலும் மருந்து அங்கேதான் வருகிறது. பல நிறுவனங்களின் பயாஸை இப்போது லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கவும் முடிகிறது.

தூங்கியது, எழவே இல்லை என்பது வேறு நோய். இருண்ட ஸ்கிரீனைக் கண்டவுடன் பவர் பட்டனில் கை வைக்காமல் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. எழாதது ஸ்கிரீன் மட்டும்தான். அப்படியென்றால் சந்தேகம் கிராபிக்ஸ்மேல். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் அதன் தனி நினைவகத்தில் இருந்ததெல்லாம் தூக்கத்தில் அழிந்துபோகும். தூங்குமுன் அதைப் பத்திரப்படுத்தும் ஏற்பாடு என்விடியாவின் டிரைவரில் உண்டு. அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸின் கர்த்தா லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், கேமரா முன்னாலேயே என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது இணைய உலகப் பிரசித்தம். கெர்னலுக்கான தன் டிரைவரின் மூலநிரலை அந்த நிறுவனம் 2022-இல் திறந்து காட்டியபின் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

விளக்கும் அசையவில்லையா? மறுபடி இயக்கியபின் முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். தூக்கத்துக்குள் நுழைந்ததாக ஒரு வரி இருக்கும். வெளியே வந்ததாக இன்னொரு வரி இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் ஆள் வழியிலேயே விழுந்துவிட்டார். விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒத்திகை முறை ஒன்று கெர்னலிலேயே உண்டு. ‘பிஎம்_டெஸ்ட்’ என்பது அதன் பெயர். புரோகிராம்களை உறைய வைப்பதோடு நிறுத்து, சாதனங்கள் வரை போ, பிராசஸர் வரை போ என்று படிப்படியாகக் கட்டளையிடலாம். சொன்ன படி வரை போய், ஐந்து விநாடி பொறுத்து, தானே திரும்பி வரும். எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் கோளாறு. சாதனங்கள் படியில் விழுந்தால் வைஃபை, புளூடூத், டச்பேட் என்று ஒவ்வொன்றின் டிரைவரையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டும். குற்றவாளி அகப்பட்டதும், தூங்குமுன் அந்த டிரைவரைக் கழற்றி, எழுந்தபின் மாட்டும் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டால் பிழைப்பு ஓடும். அசிங்கமான வைத்தியம்தான். ஆனால் வேலை செய்கிறது.

ஒத்திகையில் எல்லாம் சரியாக இருந்து நிஜத் தூக்கத்தில் மட்டும் செத்துப்போகும் இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்காக 2006-இல் டோர்வால்ட்ஸே எழுதிய உத்தி, துப்பறியும் கதைக்காரர்கள் பொறாமைப்படத்தக்கது. எழுந்திருக்கும் வழியில் இயந்திரம் இறந்தால் அதன் வாக்குமூலத்தை எங்கே எழுதி வைப்பது? ஸ்கிரீன் இல்லை. டிஸ்க் இல்லை. நினைவகத்தில் எழுதினால் அணைத்ததும் அழிந்துவிடும். அணைத்தாலும் ஓடிக்கொண்டிருப்பது லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரம் மட்டும்தான். சரி, அதிலேயே எழுது என்று தீர்மானித்தார் டோர்வால்ட்ஸ். ஒவ்வொரு சாதனத்தை எழுப்புமுன்னும் அதன் பெயரை ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைத் தேதியாகவும் மணியாகவும் மாற்றிக் கடிகாரத்தில் பதித்துவிடுகிறது கெர்னல். கொலையுண்டவரின் கைக்கடிகாரம் நின்ற நேரத்தை வைத்துத் துப்புத் துலக்குவது போல, மறுபடி இயக்கியதும் கடிகாரத்தைப் படித்து, கடைசியாகத் தொட்ட சாதனம் இதுதான் என்று சொல்லிவிடும். ‘பிஎம்_டிரேஸ்’ என்கிறார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் சுமார் மூன்று நிமிடத்துக்குள் இயக்கியாக வேண்டும். தாமதித்தால் சாட்சியம் கலைந்துவிடும். ஒரே எண் இரண்டு மூன்று சாதனங்களுக்குப் பொருந்துவதும் உண்டு. லேப்டாப் ஏதோ ஒரு சம்பந்தமில்லாத வருஷத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்பதால், சோதனை முடிந்ததும் தேதியைத் திருத்த மறக்கக்கூடாது.

தூங்கிய மறு விநாடியே எழுந்து உட்காரும் ரகத்துக்கு வைத்தியம் சுலபம். யார் யாருக்கு எழுப்பும் அதிகாரம் உண்டு என்ற பட்டியல் ‘/ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்’ கோப்பில் இருக்கிறது. பல சமயம் யுஎஸ்பியில் செருகிய மவுஸ்தான் தட்டி எழுப்புகிறது. யுஎஸ்பியின் பெயரை அந்தக் கோப்பில் எழுதினால் அதன் அதிகாரம் பறிபோகும். மறுபடி எழுதினால் திரும்பக் கிடைக்கும்.

எதுவுமே பலிக்காதவர்களுக்குக் கும்பகர்ண வழி இருக்கிறது. நினைவகத்தில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மின்சாரத்தையே துண்டிக்கும் ‘ஹைபர்நேட்’. பாட்டரி சூடாகாது, தீராது. எழுவதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இதற்கு டிஸ்க்கில் போதுமான ஸ்வாப் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும், அந்த இடம் எது என்று கெர்னலுக்குச் சொல்லி வைத்திருக்கவும் வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் பல லினக்ஸ் வகைகள் ஹைபர்நேட்டையே அனுமதிப்பதில்லை. டிஸ்க்கில் எழுதிய நினைவகப் பிரதியை யாராவது திருத்திவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லையே என்ற பயம். பூட்டு வேண்டுமா தூக்கம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. இந்தப் பேரத்தில் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இவ்வளவு தூரம் போகாமல் தப்பிக்க, இரண்டாம் கை லேப்டாப் வாங்கப் போகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே இயந்திரத்தை இயக்கலாம். ஸ்கிரீன், கீபோர்டு, வைஃபை எல்லாம் பார்த்தபின், ‘மெம்_ஸ்லீப்’ கோப்பில் ‘டீப்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்காமல் மூடியைச் சாத்த வேண்டும். கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பத்து நிமிடம் போதும். அதற்குள் அடிப்பாகம் சூடேறியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கலாம்.